ஆங்கிலேயர் அடுக்களையில் வாசனைத் திரவியங்கள்

"வெள்ளைக்காரருக்கு உப்பும் உறைப்பும் தெரியாது." எம்மவர் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. 'உணவு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, எமது வகுப்பு மாணவி ஒருத்தி இதனையே முதல் வரியாக எழுதித் தந்தாள். அதே வகுப்பில் மாணவன் ஒருவன், தன் உணவுப்பெட்டியின் மணத்தை நண்பர்கள் பரிகசிப்பதால் பாடசாலையில் அதனைத் திறப்பதேயில்லை என்றான். ஒருவர் உணவை மற்றவர் அறியாமையே இவ்விரண்டிற்கும் காரணம் எனத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆங்கிலேயரின் சமையல் என்றுமே காரசாரமற்றிருந்தது என எண்ணுதல் தவறு. 1180ஆம் ஆண்டளவிலேயே இலண்டன் மாநகரின் மிளகு வணிகர் தமக்கெனச் சங்கம் ஒன்றை வைத்திருந்தனர். மன்னர் இரண்டாம் றிச்சார்ட்டின் தலைமைச் சமையற்காரர் 1390ஆம் ஆண்டளவில் தொகுத்த 'த போர்ம் ஒவ் கியூரி' என்னும் நூலில், இஞ்சி, கறுவா, கராம்பு, வசுவாசி, குங்குமப்பூ முதலியன சேர்த்து இறைச்சியும் மீனும் சமைக்கும் முறைகள் காணப்படுகின்றன. 'கியூரி' என்பது எமது 'கறி' அன்று; சமைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. எசெக்ஸ் மாவட்டத்தில் குங்குமப்பூச் செய்கையால் பெயர்பெற்ற ஊரே சபிரன் வோல்டன்.

பழுதான இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே அக்காலத்தவர் சரக்குகளைப் பயன்படுத்தினர் என்று கூறுவாருமுளர். இது பொருந்தாது. இறைச்சியிலும் விலையுயர்ந்த சரக்கை வாங்க வல்லவருக்கு நல்ல இறைச்சி வாங்குவது அரிதன்று. சரக்கு அன்று செல்வத்தின் அடையாளமாக விளங்கியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? பதினேழாம் நூற்றாண்டில் கடல் வாணிபம் பெருகச் சரக்குகளின் விலை குறைந்தது. பலரும் வாங்கக்கூடியது பெருமைக்குரியதாக நிலைக்கவில்லை. அதே காலத்தில், இறைச்சி இறைச்சியாகவே சுவைத்தல் வேண்டும் என்னும் புதிய கொள்கை பிரான்சிலிருந்து பரவிற்று. எனினும் சரக்குகள் அடுக்களையை விட்டு அகலவில்லை; இடம் மாத்திரமே மாறின.

முதலாவது இடம் இனிப்பு. நத்தார்ப் புடிங், இஞ்சிப்பாண், பெரிய வெள்ளிக்குரிய சிலுவை பணிஸ் ஆகியவற்றை முகர்ந்து பாருங்கள். அவற்றிற் சேரும் 'மிக்ஸ்ட் ஸ்பைஸ்' தூளில் கறுவா, சாதிக்காய், கராம்பு மாத்திரமன்றி மல்லியும் சேர்வதுண்டு. எமது கறித்தூளுக்கு ஒப்பான வீட்டுத்தூள் அது. நத்தாருக்குரிய 'மின்ஸ் பை'யில் முற்காலத்தில் உண்மையாகவே இறைச்சி இருந்தது. காலப்போக்கில் இறைச்சி நீங்கியது, சரக்கு எஞ்சியது.

இரண்டாவது இடம் தட்டின் ஓரம். மாட்டிறைச்சிக்கு அரைத்த கடுகும், மூக்கில் ஏறும் 'ஹோர்ஸ்ராடிஷ்' என்னும் காரக் கிழங்கும்; ஆட்டிறைச்சிக்குப் புதினாவும் வினாகிரியும் சேர்ந்த குழம்பு. நாம் சரக்கைக் கறியுடன் சேர்த்துக் கொதிக்க விடுகிறோம். அவர்கள் பக்கத்தில் வைத்து, அளவை உண்பவரிடமே விட்டுவிடுகின்றனர்.

மூன்றாவது, பச்சிலைகள். சேஜ், தைம், பார்சிலி என்பன எமது கறிவேப்பிலை, இரம்பை போன்று அவர்களது தோட்டத்துச் செல்வங்கள்.

எம்மவர் கைவரிசையும் அங்குண்டு. 'மலிகட்டோனி' என அவர்கள் அருந்தும் சூப்பின் பெயர் எமது 'மிளகுத்தண்ணீர்' என்பதன் திரிபே. ஹனா கிளாஸ் என்னும் பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்திய முறைக் கறி ஒன்று இடம்பெற்றுள்ளது. 1837 முதல் விற்பனையாகும் வூஸ்டர் சோஸில் புளியும் நெத்தலியும் உண்டு. 1796இல் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, கறுவா வணிகமும் உடன் சென்றது.

இரண்டாம் உலகப்போரினால் 1940 முதல் 1954 வரை நிலவிய பங்கீட்டு முறை இந்நாட்டுச் சமையலை மிகவும் எளிமையாக்கிற்று என்பதையும் மறத்தலாகாது. 'சுவையற்ற உணவு' என்ற பெயருக்கு அப்பஞ்சகாலமும் ஒரு காரணமாகும்.

அடைக்கலம் தேடி இந்நாட்டுக்கு வந்த புதிதில், கரும்பலகையை விட்டு வந்த நான் ஒரு சமையற்கூடத்திற் பாத்திரம் கழுவினேன். அங்கிருந்த முதிய சமையற்காரப் பெண்மணி ஒருநாள் பாற்சோறு போன்றதொரு புடிங்கின் மேல் சாதிக்காயைத் துருவித் தூவினார். வயிற்று நோவுக்கு அம்மா உரைத்துத் தந்த அதே மணம்! கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, ஒரு கிண்ணம் நிறைய எனக்குத் தந்தார். மொழி தெரியாத இடத்தில் எனக்கு விளங்கிய முதற் சொல் அந்த மணமே.

மாணவச் செல்வங்களே, உங்கள் உணவுப்பெட்டியைத் தயங்காது திறவுங்கள். அதிலுள்ள கறுவாவும் கராம்பும் உங்கள் நண்பனின் நத்தார்ப் புடிங்கிலும் உள்ளன என்பதை அவனுக்கு எடுத்துரையுங்கள். அவன் தருவதையும் சுவைத்துப் பார்த்த பின்னரே, அவனுக்கு உறைப்புத் தெரியுமா தெரியாதா என்று எழுதுங்கள்.