கத்தி பட்டால் பரவுமா?

"புற்றுநோயில் கத்தி படக் கூடாது. பட்டால் பரவிவிடும்." ஊரில் பலர் இப்படிச் சொல்கிறார்கள். இது தவறு. இந்தப் பேச்சை நம்பி ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார்கள். ஏதோ மருந்தைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் புண் வளர்ந்துவிடுகிறது.

இந்தியாவில் வாய்ப்புற்று அதிகம். புகையிலையை அதக்கும் கன்னத்தில்தான் பெரும்பாலும் புண் வரும். சிறிய புண்ணாக இருக்கும்போதே அறுத்து எடுத்தால் பிழைப்பவர்கள் அதிகம். அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆழமும் முக்கியம். மேலே சிறிதாகத் தெரியும். உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அதனால்தான் மருத்துவர் புண்ணைச் சுற்றி நல்ல சதையையும் சுமார் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து எடுக்கிறார். ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தால் திரும்ப வரும். "நல்ல சதையையும் வெட்டிவிட்டார்களே" என்று குறை சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது கழுத்து. கழுத்தில் நெறி கட்டும் இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. வாய்ப்புற்று முதலில் அங்கேதான் பரவும். தடவிப் பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம். அவற்றை வாய் ஆபரேஷனோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டுமா? நெறி கட்டிய பிறகு எடுத்தால் போதுமா? மருத்துவர்களுக்குள் இது நெடுநாள் வாதம். மும்பையில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரம்ப நிலை நோயாளிகள் 500 பேரின் கணக்கு 2015-இல் வெளிவந்தது. முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 100-க்கு 80 பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். நெறி கட்டினால் பார்க்கலாம் என்று விட்டவர்களில் 100-க்கு சுமார் 67 பேர்தான். கத்தி கூடுதலாகப் பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள்!

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நோய் முடிச்சுக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் கரண்ட் வைக்கச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. வாரம் ஐந்து நாள், சுமார் ஆறு வாரம் நடக்கும். பலர் இங்கேதான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பஸ் செலவு, கூலி இழப்பு, கூட வர ஆள் இல்லாமை. நோயாளியை மட்டும் குறை சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாய் திறக்கும் பயிற்சியையும் விடக் கூடாது. விட்டால் தாடை இறுகும். பிறகு சோறு உள்ளே போகாது. மறுபடி புகையிலை போட்டால் புண் ஆறத் தாமதமாகும். வாயில் வேறு இடத்தில் புதிய புற்றும் வரலாம்.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன தேதியில் போய்க் காட்ட வேண்டும்.