பழைய காருக்கு எந்த ஃப்யூல் பம்ப்? மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா? காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க

நீங்க சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்குறீங்க. வேதாரண்யத்துல வீட்டு வாசல்ல அப்பாவோட பழைய கார்பரேட்டர் மாருதி 800 நிக்குது. மாசம் ஒருமுறை ஊருக்குப் போனா, அம்மாவை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அதுதான் வண்டி. திடீர்னு ஒருநாள் பாதி வழியில இழுக்காம நின்னுடுது. "பம்ப் போச்சு, எலக்ட்ரிக் பம்ப் போட்டுடலாம்"னு மெக்கானிக் சொல்றார். சரின்னு தலையாட்டலாமா? இந்தப் பதிவுல அதைத்தான் பார்க்கப் போறோம்.

ரெண்டும் எப்படி வேலை செய்யுது?

மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் மேலயே இருக்கும். பழைய மெக்கானிக்குகள் சிலர் இதை 'ஏ.சி. பம்ப்'னு சொல்வாங்க, ஏர் கண்டிஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கேம் ஷாஃப்ட் சுத்தும்போது ஒரு லிவர் ஆடும். அது ரப்பர் டயஃப்ரமை இழுக்கும், பின்னாடி டேங்க்ல இருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு கார்பரேட்டருக்குப் போகும். கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம். இன்ஜின் நின்னா பம்பும் தானா நின்னுடும்.

எலக்ட்ரிக் பம்ப் பேட்டரியில ஓடும். டேங்க் பக்கத்துல, தாழ்வா மாட்டுவாங்க. இது உறிஞ்சாம தள்ளும். இது புதுசா வந்த விஷயமும் இல்லை. 1948-ல வந்த மோரிஸ் மைனர்லயே எஸ்.யு. எலக்ட்ரிக் பம்ப்தான் இருந்துச்சு.

முதல்ல பம்ப்தான் கெட்டுச்சான்னு பாருங்க

வண்டி நின்னா பழி நேரா பம்ப் மேல விழும். ஆனா அடைஞ்ச ஃபில்டர், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், காத்து போக வழியில்லாத டேங்க் மூடி, இந்த மூணும் இதே அறிகுறியைக் காட்டும். மூணும் பம்ப் விலையில சின்னப் பங்குதான். அதனால இந்த வரிசையில பார்க்கச் சொல்லுங்க: ஃபில்டர், ஹோஸ், டேங்க் மூடி, கடைசியா பம்ப்.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா, டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல கலக்க வாய்ப்பு இருக்கு. ஆயில் நீர்த்துப்போனா பேரிங் தேயும். அப்புறம் செலவு பம்போட நிக்காது, இன்ஜின் வேலை வரைக்கும் போகும். வண்டியை ஓட்டாம, பம்பையும் ஆயிலையும் சேர்த்தே மாத்துங்க.

ஏன் இப்போ இந்தப் பிரச்சினை அதிகம்?

இப்போ பங்க்ல கிடைக்குற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. பழைய வண்டிகளோட ரப்பர் பாகங்கள் இதுக்காகச் செஞ்சது இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடலோர ஊர்ல மாசக்கணக்கா நிக்குற வண்டிக்கு இது நல்லதில்லை. எந்தப் பம்ப் வாங்கினாலும் எத்தனால் தாங்கும் டயஃப்ரம், ஹோஸ்தானான்னு கேட்டு வாங்குங்க.

வேதாரண்யத்துக்கு எது சரி?

இங்கதான் ஊர் முக்கியம். அகஸ்தியம்பள்ளி உப்பளம் பக்கம் வீடு இருக்குறவங்களுக்குத் தெரியும், உப்புக் காத்து இரும்பை எப்படித் தின்னும்னு. எலக்ட்ரிக் பம்புக்கு கனெக்டர், எர்த், ரிலே எல்லாம் வேணும். ஒரு எர்த் இணைப்பு துருப்பிடிச்சா போதும், நல்ல பம்பும் வேலை செய்யாது. மெக்கானிக்கல் பம்புக்கு அந்தக் கவலையே இல்லை.

எலக்ட்ரிக் பம்புக்கும் ரெண்டு உண்மையான லாபம் இருக்கு:

- கத்திரி வெயில்ல, இன்ஜின் சூட்டுல பைப்புக்குள்ள பெட்ரோல் ஆவியாகி வண்டி நிக்கும். இதை வேப்பர் லாக்னு சொல்வாங்க. டேங்க் பக்கத்துல இருந்து தள்ளுற பம்ப்ல இது குறையும்.
- ரொம்ப நாள் நின்ன வண்டியில கார்பரேட்டர் காஞ்சிருக்கும். மெக்கானிக்கல் பம்ப்னா செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கும். எலக்ட்ரிக் பம்ப் சாவி போட்டதும் நிரப்பிடும்.

இந்த ரெண்டுல ஒண்ணு உங்க வண்டிக்கு அடிக்கடி நடக்குதா? இல்லைன்னா மெக்கானிக்கலே போதும்.

கணக்கு

இது விலைப்பட்டியல் இல்லை, கணக்குப் போடும் முறை. உங்க மெக்கானிக் சொல்ற தொகையை இதுல போட்டுக்கோங்க. மெக்கானிக்கல் பம்பும் கூலியும் ₹1,800-னு வைப்போம். எலக்ட்ரிக் பம்ப் ₹2,200, ரிலே, ஃப்யூஸ், வயர், கட்-ஆஃப் சுவிட்ச் ₹1,300, கூலி ₹1,000. மொத்தம் ₹4,500. வித்தியாசம் ₹2,700. வருஷத்துக்கு ரெண்டு தடவை டோயிங் வண்டிக்குக் காசு கொடுக்குறவருக்கு இது லாபம். ஒருமுறைகூட வேப்பர் லாக் பார்க்காதவருக்கு வீண் செலவு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கார்பரேட்டருக்கு சுமார் 3 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியோட பம்ப் 40 பி.எஸ்.ஐ. அளவுல தள்ளும். மலிவா கிடைக்குதுன்னு அதை மாட்டினா கார்பரேட்டர் நிரம்பி, பெட்ரோல் சூடான இன்ஜின் மேல வழியும்.

அடுத்தது, விபத்துல இன்ஜின் நின்னாலும், சாவி ஆன்ல இருந்தா எலக்ட்ரிக் பம்ப் ஓடிட்டே இருக்கும். அதனால ஃப்யூஸ், ரிலே, மோதினா தானா நிறுத்துற கட்-ஆஃப் சுவிட்ச் மூணும் கட்டாயம். பழைய வண்டிக்கு நம்மில் பலர் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் போடுறோம். வண்டி தீப்பிடிச்சா அதுல உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. கூட இருக்குற உயிர்களுக்கோ விலையே இல்லை.

கடைசியா ஆர்.சி.யைப் பாருங்க

பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி. எப்போ முடியுதுன்னு பாருங்க. 20 வருஷம் தாண்டின கார்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல ₹10,000 ஆயிடுச்சு. தமிழ்நாட்டுல பசுமை வரி தனி. சில மாசத்துல புதுப்பிக்கணும், வண்டியை வச்சுக்கப் போறோமான்னே தெரியலைன்னா, இப்போதைக்கு மெக்கானிக்கல் பம்போட நிறுத்துங்க. இன்னும் 5 வருஷம் ஓட்டப் போறீங்க, வெயில்ல நிக்குற தொல்லையும் இருக்குன்னா, எலக்ட்ரிக் பம்பை முழு பாதுகாப்போட மாட்டுங்க.

உங்க வீட்டுப் பழைய வண்டி என்ன மாடல், வருஷத்துக்கு எவ்வளவு செலவு வைக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. இந்த வாரம் ஊருக்குப் போறீங்கன்னா, முதல் வேலையா அந்த டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. அதுக்குச் செலவே இல்லை.