இரைச்சலைக் குறிக்கும் சொற்கள்: ஆங்கிலம், டேனிய மொழி, தமிழ் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘நாய்ஸ்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒலி, ஓசை, சத்தம், இரைச்சல் முதலிய பல சொற்கள் நிகரன்களாக வழங்குகின்றன. இவற்றுள் எது பொருத்தமானது என்னும் வினாவுக்கு அகராதிகள் தெளிவான விடை தருவதில்லை. காரைக்கால் கடற்கரையோடு வரலாற்றுத் தொடர்புடைய டேனிய மொழியை மூன்றாவது ஒப்பீட்டு மொழியாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது. டேனிய மொழி கேட்போரின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு ஒலிச் சொற்களைப் பகுக்கிறது. தமிழ் ஒலியின் பிறப்பிடத்தையும் தன்மையையும் அடிப்படையாகக் கொள்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு கருதப்பட வேண்டும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இரைச்சல், அரவம், கௌவை, உரியியல், டேனிய மொழி, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

காவிரிக் கழிமுகத்துக் கடற்கரையில், ஒரு நாள் நடைக்குள் அடங்கும் தொலைவில், ஐரோப்பிய மொழிகள் பல ஆட்சிமொழிகளாக இருந்துள்ளன. காரைக்கால் 1739ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சியரிடம் இருந்தது. 1954இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள தரங்கம்பாடி, தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி டேனியரிடம் சென்றது. 225 ஆண்டுகள் கழித்து, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. தெற்கே நாகப்பட்டினம் டச்சுக்காரரிடம் இருந்து, பின்னர் ஆங்கிலேயரிடம் சேர்ந்தது.

இத்தனை நெடிய தொடர்பு இருந்தும், தமிழ் அகராதியியலில் டேனிய மொழி தடம் பதிக்கவில்லை. 1706இல் டென்மார்க் அரசரின் ஆதரவில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் புளுட்சாவும் ஜெர்மானியர்கள். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. இம்மரபில் வந்த பெப்ரீசியுசின் அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் வெளிவந்தபோது, தமிழ்ச் சொற்களுக்கு விளக்கம் தரும் மொழியாக ஆங்கிலம் அமைந்தது. அன்று முதல் தமிழ்ச் சொற்பொருளை அளக்கும் கோலாக ஆங்கிலமே பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஒரு கோலை மட்டும் கொண்டு அளக்கும்போது, அக்கோலின் குறை அளவில் தெரிவதில்லை. ‘நாய்ஸ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

(பிறமொழிச் சொற்கள் இக்கட்டுரையில் அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.)

ஆங்கிலச் சொற்பரப்பு

ஆங்கிலத்தில் ‘சவுண்ட்’ பொதுச்சொல். ‘நாய்ஸ்’ அதனுள் விரும்பத்தகாத பகுதி என்று கூறுவது வழக்கம். ஆயின் வழக்கு இவ்விலக்கணத்துக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. குழந்தைக்குப் பசுவின் குரலையும் நாயின் குரலையும் பழக்கும்போது ஆங்கிலேயர் ‘நாய்ஸ்’ என்ற சொல்லையே வெறுப்பின்றி ஆள்கின்றனர். எனவே அச்சொல் இரு பொருளில் வழங்குகிறது: இனிமையோ ஒழுங்கோ கருதப்படாத ஒலி ஒன்று, தொல்லை தரும் ஒலி மற்றொன்று.

இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கு அதன் பொருள் பூசல், அமளி என்பன. கடற்பயணக் குமட்டலைக் குறித்த இலத்தீன் சொல்லே இதன் மூலம் என்று சொற்பிறப்பியலார் பலர் கருதுவர். தற்காலப் பிரெஞ்சு ஒலிப்பொருளில் இச்சொல்லைக் கைவிட்டு, ‘ப்ருயி’ என்ற சொல்லை ஆள்கிறது. வம்புக்கிழுத்தல் என்னும் பொருள்படும் மரபுத்தொடரில் மட்டும் பழஞ்சொல் எஞ்சியுள்ளது. ஒலியினும் பூசலே இச்சொல்லின் தொல்பொருள் என்பது இதனால் விளங்கும்.

டேனியச் சொற்பரப்பு

ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்குவதை டேனிய மொழி குறைந்தது மூன்று சொற்களாகப் பகுக்கிறது. முதலாவது ‘லுய்த்’. இது மதிப்பீடு கலவாத ஒலி. ஆங்கிலேயர் ‘நாய்ஸ்’ எனக் கூறும் விலங்குகளின் குரல் டேனிய மொழியில் ‘லுய்த்’ என்றே கூறப்படும். இரண்டாவது ‘ஸ்டொய்’. தொல்லை தருவதாகவோ வேண்டாததாகவோ கருதப்படும் ஒலி இது. சட்டம், சுற்றுச்சூழல், மின்னணுவியல் ஆகிய துறைகளில் கலைச்சொல்லாக நிலைபெற்றது இதுவே. ஒலியால் நேரும் மாசுபாட்டைக் குறிக்கும் டேனியத் தொகைச்சொல்லின் முதற்பகுதி ‘ஸ்டொய்’. ‘லுய்த்’ அங்கு வாராது. மூன்றாவது ‘லார்ம்’. சிறுவர் கூச்சல், தெருச் சந்தடி போன்ற உரத்த ஒலியைக் குறிக்கும் அன்றாடச் சொல் இது.

‘லார்ம்’ ஜெர்மன் வழியாக வந்தது. ‘படைக்கலம் ஏந்துக’ என்னும் இத்தாலிய அழைப்பு அதன் மூலம். அதே மூலத்திலிருந்து ஆங்கிலம் ‘அலாரம்’ என்னும் சொல்லைப் பெற்றது. ஆங்கிலம் எச்சரிக்கையைப் பேணியது. டேனிய மொழி அதன் உரத்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டது. இதற்கு எதிரிடையாகவும் ஓர் இணை உண்டு. பேரமளியைக் குறிக்கும் ஆங்கில ‘அப்ரோர்’, கிளர்ச்சி எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு இனமான டேனிய ‘ஓப்ரோர்’ இன்றும் கிளர்ச்சியையே குறிக்கிறது. இங்கு ஒலியைப் பேணியது ஆங்கிலம். ஒரே நிகழ்வின் காரணத்தை ஒரு மொழியும் ஓசையை மற்றொரு மொழியும் பற்றிக்கொள்வதை இவ்விணைகள் காட்டுகின்றன.

‘லுய்த்’ என்பதன் வரலாறு தமிழ் ஆய்வாளருக்கு மேலும் சுவையானது. பழைய நார்ஸ் மொழியில் இதன் முன்வடிவம் ஒலி, செவிமடுத்தல், அமைதி ஆகிய மூன்றையும் குறித்தது. கேட்பதற்கு அமைதி வேண்டும் என்பதே இப்பொருள் விரிவின் அடிப்படை. உரத்த தன்மையைக் குறிக்கும் ஆங்கில ‘லவுட்’, வடமொழிவழித் தமிழிசைக்கு வந்த ‘சுருதி’ ஆகியன இதே வேரின. அவ்வேரின் பொருள் கேட்டல்.

தமிழ் இலக்கண மரபில் ஓசைச் சொற்கள்

தமிழ் மரபில் ஓசைச் சொற்கள் தனித்துத் தொகுக்கப்பட்டது மிகப் பழங்காலத்திலேயே ஆகும். தொல்காப்பிய உரியியல் இரு தொகுதிகளைத் தருகிறது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் அரவம் என்னும் பொருளின. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கும் இசை என்னும் பொருளின. நன்னூல் இருபதுக்கும் மேற்பட்ட சொற்களை ஓசை என்னும் ஒரே பொருளின்கீழ்த் தொகுக்கிறது. தொல்காப்பியர் அரவத்தையும் இசையையும் வேறாக வைத்ததையும், நன்னூலார் அவ்வேறுபாட்டை நீக்கி ஒன்றாக்கியதையும் இணைத்து நோக்க வேண்டும்.

அரவத் தொகுதியை ‘ஸ்டொய்’ என்பதற்கு நிகராகக் கொள்ள இயலுமா? இயலாது. கலித்தல் என்னும் வினை ஆரவாரித்தலையும் செழித்தலையும் குறிக்கும். மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடிகளின் ஓசையை நகரின் வளத்துக்கு அடையாளமாகவே காட்டுகிறது. பழந்தமிழ்ப் புலவர்க்கு நகரின் பேரோசை பெருமிதத்துக்குரியது. மறுபுறம், அழுங்கல் என்பது இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் எனவும், இரங்கல் என்பது கழிந்த பொருள் பற்றியும் வரும் எனவும் தொல்காப்பியரே கூறுகிறார். ஆகவே இச்சொற்கள் ஒலியை விரும்பத்தக்கது, தகாதது எனப் பகுக்கவில்லை. மகிழ்ச்சி, துயரம், திரள், செழிப்பு என ஒலி பிறக்கும் சூழலைக் காட்டுகின்றன.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகமும் இதற்குத் துணையாகிறது. பேய்கள் ஆரவாரிக்கும் சுடுகாடே அதன் களம். அக்களத்திலேயே பண்ணிசைப் பெயர்களும் முழவு முதலான கருவிகளின் பெயர்களும் அடுக்கப்படுகின்றன. அரவமும் இசையும் அங்குப் பகைப்பொருள்கள் அல்ல.

தற்கால வழக்கும் இவ்வியல்பையே தொடர்கிறது. கூச்சல் மனிதக் குரலில் பிறப்பது. சந்தடி மக்கள் நடமாட்டத்தில் எழுவது. ஆரவாரம் பலர் கூடி எழுப்புவது. சலசலப்பு இலையிலும் நீரிலும் தோன்றி, அவையோரின் சிறு கலக்கத்துக்கும் ஆகிவந்தது. இரைச்சல் தனித்தனியே பிரித்தறிய இயலாத தொடரொலி. கடலுக்கும் மழைக்கும் இயந்திரத்துக்கும் அது பொருந்தும். கடலோர மக்கள் கடலிரைச்சலைத் தொல்லை என்னும் கருத்தில் கூறுவதில்லை. தரங்கம்பாடி என்னும் பெயருக்கு ‘அலைகள் பாடும் இடம்’ என்று மக்கள் வழங்கும் விளக்கம் இதற்குச் சான்று. அவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி என்றே காணப்படுகிறது. பாடி என்பது குடியிருப்பு. எனினும் மக்கள் விளக்கம் அலையின் இரைச்சலைப் பாட்டாகக் கேட்டுள்ளது.

பொருள் மாற்றங்கள்

அரவம் என்னும் சொல்லின் மாற்றம் குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியர் அருஞ்சொற்களை விளக்கப் பயன்படுத்திய எளிய சொல் அது. ஆரவாரமே அதன் பொருள். இன்று ‘ஆளரவம் இல்லை’ என்னும்போது, மனிதர் இருப்பைக் காட்டும் மெல்லொலியைக் குறிக்கிறது. பேரொலி மெல்லொலியாகச் சுருங்கியுள்ளது. நன்னூல் பொது ஓசைச் சொல்லாகக் கூறும் ‘குரை’ சங்க இலக்கியத்தில் கடலுக்கும் புனலுக்கும் கழலுக்கும் உரியது. இன்று நாய்க்கே உரியதாயிற்று. அதே நூல் கூறும் ‘இரை’ மட்டும் தன் பரப்பை இழக்காமல் இரைச்சல் என நிலைத்துள்ளது.

ஒலிச்சொல் ஊர்ப்பேச்சைக் குறிக்கும் சொல்லாவதும் பல மொழிகளில் காணப்படும் இயல்பு. கௌவை ஓசையையும் அலரையும் குறிக்கும். திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம் அச்சொல்லை அலர்ப்பொருளில் ஆள்கிறது. பிரெஞ்சு ‘ப்ருயி’ என்பதும் ஓசை, வதந்தி ஆகிய இரண்டையும் குறிக்கும். டேனிய மொழியில் வதந்திக்கு வேறு தனிச்சொல் உண்டு. ‘ஸ்டொய்’ அப்பொருளில் வாராது. தமிழில் இசை என்னும் சொல் புகழையும் குறிப்பதை நோக்கின், ஊரார் வாயில் எழும் ஒலி நற்பேச்சாயின் இசையாகவும், பழிப்பேச்சாயின் கௌவையாகவும் தமிழில் பெயர் பெற்றிருப்பது புலனாகும்.

கலைச்சொல் சிக்கல்

இவ்வொப்பீடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987இல் செய்யப்பட்ட திருத்தம், காற்று மாசுபடுத்திகள் என்பதன் வரையறைக்குள் ‘நாய்ஸ்’ என்பதையும் சேர்த்தது. 2000ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் எனவும், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் எனவும் வரம்பு விதித்தன. இவ்விதிகளைப் பற்றிய தமிழ் எழுத்துகளில் பெருவழக்காக உள்ள சொல் ‘ஒலி மாசு’.

இத்தொகை இரு வகையாக விரியக்கூடும். ஒலியால் உண்டாகும் மாசு என விரிப்பின், எவ்வொலியும் மாசுக்குக் காரணம் ஆகலாம். ஒலியாகிய மாசு என விரிப்பின், ஒலியே மாசாகிறது. இரண்டிலும் ‘வேண்டாத’ என்னும் மதிப்பீடு சொல்லில் இல்லை. கோயில் உலாவின் தவிலும் நாகசுரமும், நள்ளிரவு ஒலிபெருக்கியும், சாலை ஊதொலியும் ஒரே சொல்லுக்குள் வேறுபாடின்றி அடங்கிவிடுகின்றன. விதிகளோ அவ்வாறு கருதவில்லை. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கியைத் தடுக்கும் அதே விதிகள், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வளிக்க மாநில அரசுக்கு இடம் தருகின்றன. ஒலியின் அளவோடு சூழலும் கருதப்பட வேண்டும் என்பதை விதிகளே ஏற்கின்றன.

‘இரைச்சல் மாசு’ என்னும் மாற்றுவடிவமும் வழக்கில் உண்டு. டேனிய மொழி பொதுச்சொல்லை விலக்கி ‘ஸ்டொய்’ என்பதைத் தெரிந்தெடுத்தது போன்ற தெரிவு இது. மின்னணுவியலில் குறிப்பலையைக் குலைக்கும் கூறினை இரைச்சல் என்று வழங்குவதும் இதனோடு இயைகிறது. பிரித்தறிய இயலாத தொடரொலி என்னும் அதன் இயற்பொருள் அங்கு நன்கு பொருந்தும். ஆயின் ஒரு வரையறை தேவை. இயல்பு வழக்கில் இரைச்சல் ஒலியின் தன்மையைக் கூறுவது. ‘ஸ்டொய்’ போலக் கேட்போரின் வெறுப்பைக் கூறுவதன்று. கடலிரைச்சல் மாசு ஆகாது. ஆதலின் கலைச்சொல்லாக ஆளுமிடத்து ‘வேண்டா ஒலி’ என்னும் பொருள் வரையறையால் அதற்கு ஏற்றப்பட வேண்டும். இலக்கிய மொழிபெயர்ப்பில் இதற்கு மாறாக, பிறப்பிடம் நோக்கிக் கூச்சல், சந்தடி, ஆரவாரம் எனப் பகுத்து ஆளுவதே தமிழியல்புக்கு ஒத்தது. ‘நாய்ஸ்’ வருமிடமெல்லாம் இரைச்சல் என்று பெயர்ப்பின், ஆங்கிலத்தின் பொதுமைக் குறை தமிழுக்கும் வந்துசேரும்.

தொகுப்புரை

டேனியச் சொற்கள் ‘இவ்வொலி யாருக்குத் தொல்லை?’ என வினவுகின்றன. தமிழ்ச் சொற்கள் ‘இவ்வொலி எங்கிருந்து, எத்தகைய சூழலில் எழுந்தது?’ என வினவுகின்றன. ஆங்கில ‘நாய்ஸ்’ இரண்டையும் ஒன்றில் அடக்குகிறது. ஆங்கிலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும்போது, தமிழில் பல சொற்கள் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றுகின்றன. டேனிய மொழியை உடன்வைத்து நோக்கும்போது அவற்றின் வேறுபாடு புலனாகிறது. காற்று, நீர், ஒளி ஆகியவற்றின் மாசுபாட்டைக் குறிக்கும் கலைச்சொற்களையும் இவ்வாறு மூன்றாவது மொழியொன்றைத் துணையாகக் கொண்டு ஆராயலாம். தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் ஆகிய ஊர்கள் விட்டுச்சென்ற மொழித்தொடர்பு, ஆவண வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ்ச் சொற்பொருளியலுக்கும் பயன்படத்தக்கது.