கிரேக்கத்துக்கு ஆகஸ்டில் டிக்கெட் போடாதீர்கள்

2023 ஜூலை நடுவில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்று வாசலை நண்பகலில் இழுத்துச் சாத்தினார்கள். மாலை ஐந்தரைக்குத்தான் திறந்தார்கள். வேலைநிறுத்தம் எதுவும் இல்லை, காரணம் வெயில். 2024இல் அதே காரணத்துக்காக ஜூன் 12ஆம் தேதியே மூட வேண்டி வந்தது. 2025 ஜூலையிலும் மூடினார்கள். வெப்ப அலை உச்சத்தில் இருக்கும் நாட்களில் கட்டட வேலை, உணவு டெலிவரி போன்ற வெளிவேலைகளை நண்பகல் முதல் மாலை ஐந்து வரை நிறுத்தச் சொல்லி அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் உத்தரவு போடுகிறது. ஊர்க்காரரைச் சட்டம் போட்டு நிழலில் உட்கார வைக்கும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான், முன்பதிவுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரர் குன்று ஏறப் பார்க்கிறார்.

வேலூர் வெயிலையும் திருத்தணி வெயிலையும் பார்த்த நமக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் 42 டிகிரி கொளுத்தும் நாளில் வேலூர்க்காரர் யாரும் மதியம் இரண்டு மணிக்குக் கோட்டையைச் சுற்றி நடப்பதில்லை. சுற்றுலாப் பயணி நடக்கிறார், ஏனென்றால் அந்த ஊருக்கு அவர் ஒதுக்கியிருப்பது அந்த ஒரு நாள்தான். அக்ரோபோலிஸ் உச்சியில் ஒதுங்க நிழல் கிடையாது. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புப் பாறை கீழிருந்து அனலடிக்கும். பளிங்குத் தூண்கள் கண்ணைக் கூச வைக்கும். காற்றோ வறண்டது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்பதே தெரியாது. நம்மவர்கள் கவனிக்கத் தவறுவது இன்னொன்று உண்டு. கோடை நேரப்படி ஏதென்ஸில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒன்றரை வாக்கில்தான். ஜூன் கடைசியில் அது மறைய இரவு எட்டேமுக்கால் தாண்டும். மணி நான்காகிவிட்டதே, வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால் நேராக அனலுக்குள் போய் நிற்போம்.

ஏதென்ஸை அடுத்த எலெஃப்சினாவில் 1977 ஜூலை 10 அன்று பதிவான 48 டிகிரி பல ஆண்டுகள் ஐரோப்பாவின் உச்சமாக இருந்தது. 2021 ஆகஸ்டில் சிசிலி 48.8 டிகிரியுடன் அதை முந்தியது. இரண்டுமே மத்தியதரைக் கடலோரம். கடற்கரை என்றால் குளுமை என்ற நம்பிக்கையை இந்த இரண்டு எண்களே உடைத்துவிடும். ஜூன் மாதம் மிதமானது என்பதும் பழைய கணக்கு. 2024 ஜூன் 5 அன்று சிமி தீவில், பிரிட்டனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி பிற்பகல் வெயிலில் கடற்கரையிலிருந்து தனியாக நடந்து கிளம்பினார். நான்கு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. இறப்புக்கான காரணத்தை அறுதியிட முடியாது என்ற மரண விசாரணை அதிகாரி, வெப்பத் தாக்குதலாக இருக்கக்கூடும் என்றார். உடலைப் பேணுவது பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

வெயிலாவது கண்ணுக்குத் தெரியும். காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற வறண்ட காற்று நாள்கணக்கில் வீசும். இதில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. இந்தியப் பருவமழை மேலே கிளப்பிவிடும் வெப்பம், கிழக்கு மத்தியதரைப் பகுதியில் காற்றைக் கீழ்நோக்கி அமுக்கி வானத்தை வறளச் செய்கிறது என்று ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் 1996இல் விளக்கினார்கள். கேரளத்தில் மழை கொட்டும் மாதங்களில் கிரேக்கத் தீவுகளில் ஒரு சொட்டுகூட விழாமல் இருப்பது தற்செயல் அல்ல. மேலிருந்து வறட்சி, வடக்கிலிருந்து காற்று. தீவுவாசிகளுக்கு அந்தக் காற்று விசிறி, காட்டுத்தீக்கு அதுவே துருத்தி.

2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவியபோது வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். பலர் கடற்கரையில் கூடிப் படகேறினார்கள். அடுத்த மாதமே வடகிழக்கில் எவ்ரோஸ் பகுதியில் 80,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவானவற்றில் அதுவே மிகப் பெரிய காட்டுத்தீ. கடலோரத்தில் இருந்தால் தண்ணீரில் குதித்துத் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டி என்ற ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதென்ஸுக்குக் கிழக்கே உள்ள அந்தக் கடலோரக் குடியிருப்பில் 2018 ஜூலை 23 அன்று பிடித்த தீ 104 பேரைக் கொன்றது. குறுகலான தெருக்கள், கடலுக்குப் போகும் வழியை மறித்த வேலிகள், செங்குத்தான கரை. 26 பேரின் உடல்கள் ஒரே இடத்தில், சிலர் ஒருவரையொருவர் அணைத்தபடி, கண்டெடுக்கப்பட்டன. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

உயிருக்கு ஆபத்து இல்லாத நாட்களிலும் மெல்டெமி திட்டத்தைக் குலைத்துவிடும். காற்றின் பலம் போஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அதிவேகக் கப்பல்களுக்கு அதற்கு முன்பே தடை வரும். நாக்சோஸ் தீவிலிருந்து காலைக் கப்பல், மாலையில் ஏதென்ஸ் விமானம் என்று கச்சிதமாகப் போட்ட திட்டமெல்லாம் பயண முகவரின் தாளில்தான் அழகாக இருக்கும். ஆகஸ்ட் 15 அன்னை மரியாள் திருநாள். கிரேக்கர்களே குடும்பத்தோடு சொந்த ஊருக்கும் தீவுக்கும் கிளம்பும் வாரம் அது. டினோஸ் தீவில் துறைமுகத்திலிருந்து மேட்டுக்கோயில் வரை பக்தர்கள் முழங்காலால் ஊர்ந்து போவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த வாரம் கப்பலில் இடமும் கிடைக்காது, அறையும் கிடைக்காது.

கூட்டத்துக்கும் விலை உண்டு. சுமார் 15,000 பேர் வாழும் சாண்டோரினித் தீவில் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கை நாளுக்கு 8,000 என்று 2025 முதல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். வரம்பே அவ்வளவு! உல்லாசக் கப்பலில் அங்கே இறங்க ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ வரி. நவம்பர் முதல் மார்ச் வரை 4 யூரோ. ஐந்து நட்சத்திர விடுதியில் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கான காலநிலைக் கட்டணமும் கோடையில் 15 யூரோ, குளிர்காலத்தில் 4.

அப்படியானால் வேறு எந்த மாதம்? குளிர்காலம் ஏதென்ஸுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நல்லது, தீவுகளுக்கு உதவாது. விடுதிகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும், தொல்லியல் தளங்கள் சீக்கிரம் மூடிவிடும், மேற்கே கோர்ஃபு பக்கம் மழை விடாது.

செப்டம்பரை எல்லோரும் புகழ்கிறார்கள். கடல் நீரின் வெதுவெதுப்பு அக்டோபர் வரை நீடிக்கும் என்பது உண்மை. அதே வெதுவெதுப்புதான் புயலுக்குத் தீனியும். 2023 செப்டம்பர் தொடக்கத்தில் டேனியல் புயல் வந்தபோது பெலியன் மலையிலுள்ள ஸகோரா நிலையத்தில் ஒரே நாளில் 754 மி.மீ. மழை பதிவானது. ஏதென்ஸுக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதே 400 மி.மீ. அளவுதான். தெஸ்ஸாலிச் சமவெளி ஏரியானது, 17 பேர் இறந்தார்கள். அதற்காகச் செப்டம்பரை ஒதுக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்திலும் வறண்ட ஓடைக்கரையிலும் அறை எடுக்காமல் இருந்தால் போதும்.

என் கணிப்பில் முதல் இடம் மே மாதத்துக்கு. மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும், பகல் நீளம், கிரீட்டின் 16 கிலோமீட்டர் சமாரியா பள்ளத்தாக்கும் வழக்கமாக அந்த மாதம்தான் திறக்கும். கடல் மட்டும் குளிரும். நீந்தத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர் பிற்பாதி மேல். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையும் மே மாதத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் மே 1 அன்று அக்ரோபோலிஸ் கிடையாது. கிரேக்க ஈஸ்டர் ஞாயிறன்றும் கிடையாது. அந்த ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் காலண்டரில் போட்டிருக்கும் நாளாக இருக்காது. 2027இல் அது மே 2ஆம் தேதி வருகிறது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மாதத் தேர்வு இன்னும் முக்கியம். ஐரோப்பியர் வெப்ப அலைச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். நமக்கு ஷெங்கன் விசாவில் அச்சிட்ட தேதிதான் கணக்கு. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. மே பயணத்துக்குப் பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் தமிழர்கள் ஆகஸ்ட் விடுமுறையை விட்டுவிட்டு அக்டோபர் கடைசிப் பள்ளி விடுமுறையைப் பிடிக்கலாம். கிரீட்டில் அப்போதும் கடல் 22 டிகிரி வாக்கில் இருக்கும்.

கோடையில் போயே ஆக வேண்டியவர்கள் குடிமைப் பாதுகாப்பு அமைச்சகம் தினமும் வெளியிடும் தீ அபாய வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அதில் 5ஆம் நிலை என்றால் உச்ச அபாயம். 112 என்ற அவசர எண்ணிலிருந்து எச்சரிக்கை வந்து கைபேசி அலறினால் செய்தியைப் படித்த கையோடு கிளம்பிவிடுங்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஆகஸ்டைத் தவிர வேறு மாதம் விடுப்பே கிடைக்காது என்றால், அந்த வருடம் வேறு நாட்டைப் பாருங்கள்.