உப்புக் காற்றின் ஊர்கள் – 9: மறந்ததால் மிஞ்சிய ஊர்

பொறையாறு பேருந்து நிலையத்தில் இறங்கி, தரங்கம்பாடிக்கு ஆட்டோ கேட்டேன். "ஓசோன் காத்து வாங்கவா சார்?" என்றார் ஓட்டுநர். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உலகிலேயே ஓசோன் மிகுந்த கடற்கரை இதுதான் என்று சுற்றுலாக் குறிப்புகள் எழுதி எழுதி, ஊர்க்காரர்களே நம்பிவிட்டார்கள். ஓசோன் வானில் எட்டாத உயரத்தில் இருக்கும்வரைதான் நமக்குக் காவல். மூக்கருகே வந்தால் நுரையீரலுக்குக் கேடு. கடற்கரையில் நாம் இழுத்து இழுத்து மகிழும் அந்த வாசனையும் ஓசோனுடையது அல்ல. கடலின் நுண்ணுயிர்களால் உண்டாகும் ஒருவகைக் கந்தக வாயு. ஓட்டுநரிடம் இதைச் சொல்லவில்லை. இருபது ரூபாய் குறைத்துக் கொண்டிருந்தார், அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஊர்ப்பெயரிலும் இதுபோல ஓர் அலங்காரம் உண்டு. தரங்கம் என்றால் அலை, ஆகவே 'பாடும் அலைகளின் ஊர்' என்பார்கள். கேட்க இனிமைதான். ஆனால் வாணியம்பாடியில் எந்த வாணியர் பாடுகிறார்? பாடி என்றால் குடியிருப்பு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது வணிகம் நடந்த பட்டினம். டேனிஷ்காரர்கள் வந்து உண்டாக்கிய ஊர் என்று நினைத்து வருபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊருக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. 1792இல் கட்டிய கோட்டைவாசல். நெற்றியில் டென்மார்க் அரச முத்திரை. அதைத் தாண்டினால் கிங் ஸ்ட்ரீட் கடல்வரை நேராக ஓடுகிறது. மாடு ஒன்று நடுவில் படுத்திருந்தது, எழுப்பவும் ஆளில்லை. வலப்புறமும் இடப்புறமும் சுண்ணாம்புச் சுவர்கள், தூண் வைத்த தாழ்வாரங்கள், இரண்டு தேவாலயங்கள். தெரு முடிவில் கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை. சென்ற வாரம் பார்த்த பூம்புகாரில் ஊர் இல்லை, கதை மட்டுமே இருந்தது. இங்கே ஊர் அப்படியே நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

டேனிஷ்காரர்கள் குறிவைத்துக் கிளம்பியது தரங்கம்பாடியை அல்ல, இலங்கையை. போர்த்துகீசியரை விரட்ட உதவி வேண்டும் என்ற கண்டி அரசன் செனரத்தின் பெயரால், போஷவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகன் அரசவையில் போய் நின்றார். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1618இல் கப்பல்களை அனுப்பினார். தளபதி ஓவே யெட்டே, வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. போஷவர் நடுக்கடலில் இறந்துபோனார். பெரும்பாடுபட்டு, வழியில் ஏராளமான ஆட்களைப் பலிகொடுத்து 1620இல் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தால், போஷவர் பேசி முடித்த உடன்பாட்டைக் கண்டி அரசன் ஏற்கவில்லை.

இதற்கிடையில் முன்னால் போன 'ஓரெசுண்ட்' என்ற கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர் மூழ்கடித்துவிட்டார்கள். மாலுமிகள் இருவரின் தலையை வெட்டிக் கரையில் கழுவில் நட்டு வைத்தார்கள், இனி எவனும் வரக் கூடாது என்று. தப்பிக் கரையேறிய தலைவன் ரோலண்ட் கிராப்பேயும் பதின்மூன்று பேரும் பிடிபட்டுத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன் நிறுத்தப்பட்டார்கள். நாயக்கருக்குப் போர்த்துகீசியர் மட்டுமே துறைமுகங்களில் கோலோச்சுவது பிடிக்கவில்லை. புதிய வணிகர் வந்தால் வரட்டும் என்று நினைத்தார். ஈரத் துணியோடு வந்தவன் பேச்சுவார்த்தைக்கு ஆளானான். 1620 நவம்பர் 20இல் ஒப்பந்தம். மிளகு ஏற்றுமதிக்கு உரிமை, கோட்டை கட்ட இந்தச் சிறிய கடற்கரை ஊர். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பனையோலை வடிவில் அடித்த தங்கத் தகடு. நம் ஊர்க் கடிதம், பார்க்க வேண்டுமென்றால் விசா எடுக்க வேண்டும்.

கோட்டையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கீழே சரக்குக் கிடங்கும் சிறையும், மேலே தளபதியின் அறைகளும். பீங்கான்கள், வாள்கள், நாணயங்கள் எல்லாம் உண்டு. எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை. மேல்தளத்து மதிலருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கேவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யார் இவர்? 1639இல் டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் கிளம்பின. அதன்பிறகு கிளம்பவில்லை. ஐரோப்பாவில் போர், கஜானா காலி, டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே 1650இல் கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்கள் காய்ச்சலிலும் வயிற்றுக் கடுப்பிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655இல் தளபதியும் இறந்தபோது, கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர். கோங்ஸ்பக்கே. பிரபு குலத்தவர் இல்லை, சாதாரண ஆள். கலைந்துபோன கம்பெனிக்கு, திரும்பிப் பார்க்காத மன்னருக்கு, கொடியைக் கீழே இறக்காமல் அவர் பதினான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

எப்படி? போர்த்துகீசிய வழிவந்த உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்தார். வெளிப்படையாகச் சொன்னால் கடற்கொள்ளை. கிடைத்ததை வைத்து ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கப்பம் வரவில்லை என்று தஞ்சாவூர்ப் படை வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார், பிறகு சமாதானமும் பேசினார். 1669 மே மாதம் 'ஃபேரோ' என்ற கப்பல் தொடுவானில் தெரிந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு டென்மார்க் அனுப்பிய முதல் கப்பல். கப்பலில் வந்தவர்களுக்கு அங்கே தங்கள் கொடி பறக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு இருந்திருக்கும்? பறந்தது. கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அவரையே தளபதியாக உறுதிப்படுத்திவிட்டார்கள். வேறு என்ன செய்வது!

அவருக்கு இந்த ஊரில் ஒரு சிலைகூட இல்லை. சீகன்பால்குவுக்கு இருக்கிறது. இருக்க வேண்டியதும்தான்.

1706 ஜூலை 9இல் இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆள். ஆனால் அதே மன்னரின் கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். வியாபாரத்துக்கு வந்த இடத்தில் சமயமும் நியாயமும் பேசுகிறவன் தொல்லைதானே. கீழ்த்தளத்துச் சிறையைப் பார்ப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் முதல் அச்சு நூல் இங்கேதான் வந்தது என்று ஒருவர் என்னிடம் அழுத்திச் சொன்னார். தவறு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் வேலை முடிந்தது. பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். நான் ஆட்டோ பிடித்த பொறையாறுதான்.

சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளை நூற்றுக்கு மேல் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார், 1708இல். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது அவர்கள் மதத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்ற பொருளில் அங்கிருந்து பதில். கையெழுத்துப் பிரதி அலமாரியில் கிடந்தது. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்தார். முந்திய ஆண்டு தானே கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் புதைத்திருக்கிறார்கள். ஆலயத்தில் நான் போன நேரம் ஒரு மூதாட்டி தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். "செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி" என்றார். கோயில் வழக்கம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. சில ஆண்டுகள் தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டர் இங்கே உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் போய்விட்டார். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. பிற்பாடு தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப்பாதை வந்து, எண்பதுகளில் அதுவும் நின்றது. பணம் வந்த ஊர்களில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டினார்கள். இங்கே இடிக்கக்கூடக் காசில்லை. கோபன்ஹேகன் மறந்தது, கலெக்டர் மறந்தார், ரயில் மறந்தது; தெருக்கள் அப்படியே மிஞ்சின. இப்போது டேனிஷ் நிதியும் அரசுத் துறைகளும் சேர்ந்து பழுதுபார்த்திருக்கின்றன. கலெக்டர் பங்களா விடுதியாகிவிட்டது.

ஆனால் கடல் எதையும் மறக்கவில்லை. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. முன்பகுதி எப்போதோ அலைக்குப் போய்விட்டது. பாறைகளைக் கொட்டி, திருப்பணி செய்து, மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாறை நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சுற்றியுள்ள மீனவ ஊர்களுக்குத் தலைக்கிராமம் இது. பஞ்சாயத்து பேசுவது இங்கேதான்.

"சின்ன வயசுல அந்தக் கல்லுவரைக்கும் நடந்து போவோம் தம்பி" என்று தண்ணீருக்குள் கை நீட்டினார். எந்தக் கல் என்று எனக்குத் தெரியவில்லை. "இப்ப தெரியாது. வாடைக் காத்து அடங்கி, தண்ணி தெளிஞ்சா தெரியும்."

சுனாமியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "2004ல என் வீடு இந்தா, இங்க இருந்துச்சு" என்று மணலைக் காட்டினார். இப்போது கரையிலிருந்து தள்ளி, கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். அங்கே படுத்தால் அலைச் சத்தம் கேட்பதில்லை என்பது அவர் குறை. காலையில் காற்றும் நீரோட்டமும் எப்படி என்று எழுந்து வந்து பார்த்தால்தான் தெரிகிறதாம்.

பொழுது சாய்ந்ததும் பொறையாற்றுக்குத் திரும்பி, காரைக்கால் பேருந்தில் ஏறினேன். நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பேருந்தில் பாதிப் பேருக்கு அதனால் முகம் மலர்ந்தது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் அந்தக் கரை. இரண்டு தலைகளை நட்டு வைத்த மணலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)