சிட்டை தின்ற டிஸ்க்

இரவு பதினொரு மணிக்கு போன். மருந்து மொத்த வியாபாரி ஒருவர். பில் விழவில்லை, திரையில் 9002 என்று ஒரு பிழை எண். சர்வரைத் திறந்து பார்த்தேன். டேட்டா ஃபைல் 38 ஜிபி. அதன் டிரான்சாக்‌ஷன் லாக் 410 ஜிபி! "தினமும் ராத்திரி பேக்கப் ஓடுதே சார்" என்றார். ஓடியது உண்மைதான்.

பழைய கடைகளில் வரவு செலவை உடனே சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். டேட்டாபேஸும் அப்படியே. பில் லாக்கில் பதிந்த பிறகுதான் 'முடிந்தது' என்று சொல்லும். கரண்ட் போய் வந்தால் லாக்கைப் படித்து, முடிந்ததை மறுபடி ஏற்றும். பாதியில் நின்றதை நீக்கும். இதற்கு அடிப்படையான 'ஏரீஸ்' ஆய்வுக் கட்டுரை 1992இல் வந்தது. அதன் முதல் ஆசிரியர், ஐபிஎம்மில் பணியாற்றிய சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர்.

எஸ்க்யூஎல் சர்வரில் ரெக்கவரி மாடல் 'ஃபுல்' என்றிருந்தால், லாக் பேக்கப் தனியாக எடுக்கும்வரை லாக்கின் பழைய வரிகள் விடுபடாது. ஃபுல் பேக்கப் ஆயிரம் எடுத்தாலும் லாக் காலியாகாது. பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். லாக் ஏன் காலியாகவில்லை என்று கேட்டால் சர்வரே காரணம் சொல்லும். அன்று 'லாக் பேக்கப்' என்றது. சில இடங்களில், யாரோ கமிட் செய்யாமல் விட்டுப்போன ஒரு டிரான்சாக்‌ஷன்தான் வழியை அடைத்து நிற்கும்.

வெளி டிஸ்க்கில் லாக் பேக்கப் எடுத்தேன். பில் ஓடத் தொடங்கியது. ஃபைலின் அளவு மட்டும் குறையவில்லை. உள்ளேதான் இடம் விடுபடும். ஒருமுறை ஷ்ரிங்க் செய்யலாம். அதையே தினசரி வேலையாக வைப்பது பெரிய தவறு. லாக் மறுபடி வளரும். 2022 பதிப்புக்கு முன்புவரை, வளர்ந்த இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி முடிக்கும்வரை பில்கள் காத்து நிற்கும். 

என்னைப் பதற வைத்தது இன்னொன்று. அந்தப் பழைய பேக்கப்பை என் லேப்டாப்பில் ரெஸ்டோர் செய்யப் பார்த்தேன். இடமில்லை என்று மறுத்துவிட்டது. 38 ஜிபியை மீட்கவும் 410 ஜிபி லாக்கை அப்படியே உருவாக்கியாக வேண்டுமாம். அன்று சர்வர் போயிருந்தால், கையில் பேக்கப் இருந்தும் கடை பல மணி நேரம் மூடிக்கிடந்திருக்கும்.

லாக்கை 8 ஜிபிக்குக் குறைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் ஏற்பாடு செய்து, புதிதாக ஃபுல் பேக்கப் எடுத்து, அதே லேப்டாப்பில் மீட்டேன். விடியும் நேரத்தில், முந்தைய மாலை அவர் கடைசியாகப் போட்ட பில் திரையில் வந்து நின்றது.