சிறுநீரகம் வைக்கும் கணக்கு

டெல்லியிலிருந்து விமானத்தில் கிளம்பினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் லே நகரத்தில் இறங்கிவிடலாம். அதற்குள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். அங்கும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைந்துவிடுகிறது.

உடல் இதைச் சமாளிக்க உடனே மூச்சையும் இதயத் துடிப்பையும் வேகப்படுத்துகிறது. நீண்ட நாள் ஏற்பாடாக இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. பெரு நாட்டு மலைகளில் பிரெஞ்சு மருத்துவர் வியோ 1890-ஆம் ஆண்டிலேயே இதை எண்ணிப் பார்த்துச் சொன்னார். 1906-இல் கார்னோ, டெஃப்லாண்டர் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், இந்தப் பெருக்கத்துக்கு இரத்தத்தில் கலந்துவரும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்றார்கள்.

அந்தப் பொருள்தான் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன். பெரியவர்களின் உடலில் இதன் பெரும்பகுதியைச் சுரப்பது சிறுநீரகம். அங்கிருந்து எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை அதிகமாக உருவாக்கும்படி இது தூண்டுகிறது.

சிறுநீரகம் சிவப்பணுக்களை எண்ணுவதில்லை. தனக்கு வந்து சேரும் பிராணவாயு எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. நமது செல்கள் ஹிஃப் என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. பிராணவாயு போதுமான அளவு இருந்தால், அதையே பயன்படுத்தி ஒரு நொதி அந்தப் புரதத்தின் மீது அடையாளம் வைத்துவிடும். அடையாளம் பெற்ற புரதம் சில நிமிடங்களில் அழிக்கப்படும். பிராணவாயு குறைந்தால் அடையாளம் விழாது. புரதம் தப்பிப் பிழைத்து, செல்லின் உட்கருவுக்குள் போய் எரித்ரோபாய்டினைத் தயாரிக்கும் மரபணுவை முடுக்கிவிடும். இந்த நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயரம் ஏறிய சில மணி நேரத்திலேயே இந்த ஹார்மோன் கூடத் தொடங்கும். ஆனால் புதிய சிவப்பணுக்கள் முதிர்ந்து வரப் பல நாட்கள் ஆகும்; அவை குறிப்பிடத்தக்க அளவு பெருக வாரக்கணக்கில் ஆகும். லேயில் முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்வது புது இரத்தம் ஊறுவதற்காக அல்ல, மூச்சு அந்த உயரத்துக்குப் பழகுவதற்காகத்தான்.

மலைப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு முக்கியம். சர்க்கரை நோயாலோ இரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகம் பழுதடைந்தால், ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் செயலிழக்கின்றன. உடல் பிராணவாயுவுக்கு ஏங்கினாலும் மஜ்ஜைக்குப் போதிய உத்தரவு போவதில்லை; இரத்தசோகை வருகிறது. வீட்டில் கீரையும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, "வயதாகிவிட்டது, அதனால்தான் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். இரும்பு, சிவப்பணுவுக்கு வேண்டிய சரக்கு. சரக்கு மட்டும் இருந்து உத்தரவு வராவிட்டால் வேலை நடக்காது. உத்தரவு வந்து சரக்கு இல்லாவிட்டாலும் அப்படியே.

செயற்கை முறையில் தயாரித்த எரித்ரோபாய்டின் ஊசிக்கு 1989-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதுவரை பல சிறுநீரக நோயாளிகள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஹிஃப் புரதம் அழியாமல் காக்கும் மாத்திரைகளும் இப்போது வந்துள்ளன. ஆனால் இவற்றை மருத்துவர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறினால் இரத்தம் தடித்து உறையலாம், பக்கவாதம்கூட வரலாம்.

ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்குக் களைப்பும் வெளிறிய தோற்றமும் நீடித்தால், ஹீமோகுளோபினோடு கிரியேட்டினினையும் சோதித்துப் பாருங்கள். இரத்தம் குறைந்ததற்கான காரணம் சிறுநீரகத்தில் இருக்கக்கூடும்.